நந்தனின் ஆண்டையும் நடுவரின் சிவப்பு மையும்

தமிழில் இலக்கியப் போட்டி என்றதும் எல்லோருக்கும் நக்கீரன்தான் நினைவுக்கு வருகிறான். பரஞ்சோதி முனிவர் பாடிய கதையை 1965-ல் வந்த படம் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. பாண்டியனுக்கு ஒரு சந்தேகம், ஆயிரம் பொன் கட்டிய கிழி, கல்யாணச் செலவுக்குக் கையில் காசில்லாத தருமி. அவன் கொண்டுவந்த பாட்டு அவனுடையதல்ல, சொக்கன் எழுதிக் கொடுத்தது. அப்புறம் நடந்ததெல்லாம் புலவனுக்கும் கடவுளுக்குமான சண்டை. நெற்றிக்கண், பொற்றாமரைக் குளம், மன்னிப்பு. இத்தனை களேபரத்திலும் தருமியின் பக்கம் திரும்பி, 'நீ இந்தப் பாட்டைப் படிச்சுப் பாத்தியா? உனக்கு இதுல என்ன புடிச்சிருந்துது?' என்று கேட்டவர் ஒருவருமில்லை. அவனுக்குக் கிடைத்தது முதலில் அவமானம், பிறகு பொற்கிழி. இரண்டுமே விமர்சனமல்ல.

இரவல் பிரதியோடு போட்டிக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் வருகிறார்கள், அதுவும் கூட்டமாக. ஒருவர் படைத்த பாத்திரங்களை, அவர்மேலும் அவர் எழுத்தின்மேலும் உள்ள பிரியத்தினால் இன்னொருவர் எடுத்து எழுதும் கதைகளை ஆங்கிலத்தில் ஃபேன் ஃபிக்‌ஷன் என்கிறார்கள். ரசிகர் கதை என்று சொல்லிக்கொள்ளலாம். காவிரிப் படுகையில் ரசிகர் கதை என்றால் பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்'தான். ஆசிரியன் செத்துப்போனான் என்று பார்த் எழுதி ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. நடுவர் மட்டும் சாவேனா என்கிறார். அவர் கையில் சிவப்பு மை இருக்கிறது. அந்த மை இந்த மண்ணில் யாருடைய வரிகளின்மேல் விழுந்துவந்திருக்கிறது என்பதைப் பார்க்க, கல்கிக்கு முன்னால் மாயவரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரை ஒரே அடியில் வணங்கிவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஒற்றை அடியை நம்பியாண்டார் நம்பி ஒரு செய்யுளாக்கினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தச் செய்யுளை எடுத்து 37 பாட்டாக விரித்தார். ஆக, இந்தக் கதை ஒவ்வொரு கட்டத்திலும் முன்னவர்மேல் உள்ள பக்தியால் வளர்ந்த கதை. சேக்கிழாரின் நந்தன் கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் இருக்கிறான். ஊர் விட்ட பறைத்துடவை என்ற மானிய நிலத்தில் ஜீவனம். கோயில் பேரிகைக்குத் தோல், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுப்பது அவன் தொண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. தில்லையில் தீ மூட்டப்படுகிறது. இந்தப் பிரதியில் ஒரு ஆள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆண்டை இல்லை. நந்தன் யாரிடமும் 'போய்ட்டு வரட்டுமா' என்று கைகட்டி நிற்கவில்லை. அவனைத் தடுத்தது தன் பிறப்பு பற்றிய அவனுடைய தயக்கம் மட்டுமே.

ஆண்டையைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 19-ஆம் நூற்றாண்டு. நாகப்பட்டினத்துக்குப் பக்கம் நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயவரம் என்று இந்தப் படுகைக்குள்ளேயே வாழ்ந்தவர். சங்கீதத்தில் பெரிய ஆள்; புலவர் சபைக் கணக்கில் அமெச்சூர். அவருடைய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சாயிற்று. காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவர் அதற்கு உதவினார். அதில் நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். வேதியர் திட்டுகிறார், மிரட்டுகிறார், கடைசியில் ஒரு நிபந்தனை போடுகிறார்: நாற்பது வேலி நிலத்தையும் பயிர் வைத்து அறுத்துக் கொடுத்துவிட்டுப் போ. நாற்பது வேலி என்பது ஏறக்குறைய இருநூற்றறுபது ஏக்கர். அதன் அர்த்தம் படுகைக்காரனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இந்தப் புத்தகத்துக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்று பாரதி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். மாயவரத்தில் பிள்ளையிடம் 1871-ல் மாணவராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர் இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைக்குக் கொடுக்க மனமில்லை. காரணம் இரண்டு. ஒன்று, மொழியில் பிழைகள். இரண்டு, பெரிய புராணத்திலிருந்து கதை மாறுகிறது. ஆனால் இதைப் பாரதியின் முகத்துக்கு நேரே சொல்லவும் மனமில்லை. பாரதி வருவார், பிள்ளை பிறகு பார்க்கலாம் என்பார். இப்படிப் பலமுறை. ஒருநாள் பிள்ளை பகல் தூக்கத்திலிருக்கும்போது திண்ணையில் காத்திருந்த பாரதி தன் கீர்த்தனையைத் தானே பாடிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கேட்ட பிள்ளை உருகிப்போனார். பாயிரம் கிடைத்துவிட்டது.

இதைப் பக்தி இசையின் வெற்றி என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். நான் இதை ஒரு நடுவர் குறிப்பின் வரலாறாக வாசிக்கிறேன். பிள்ளை கொடுமைக்காரரல்ல; மாணவர்களிடம் அவருக்கிருந்த மென்மையை உ.வே.சா. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மாணவர்கள் செய்யும் செய்யுளைத் திருத்துவது அவருக்கு அன்றாட வேலை. அரங்கேற்றம் என்பதும் நாள்கணக்கில் பாட்டைப் படித்து, பொருள் சொல்லி, தடை கேட்டு, விடை சொல்லும் ஏற்பாடுதான். திருத்துகிற கலை இந்தப் படுகையில் இல்லாமலில்லை. ஆனால் அது இலக்கணம் படித்தவனுக்கு, மடத்துத் திண்ணைக்குள் உட்கார இடம் கிடைத்தவனுக்கு. கூத்தாடும் கதாகாலட்சேபக்காரரும் பாடும் பேச்சுத்தமிழுக்கு அந்தக் கலை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. எனவே முதலில் மௌனம், பிறகு கண்ணீர். இரண்டுக்கும் நடுவில் சொல்லப்பட்டிருக்க வேண்டிய ஒரு சொல் சொல்லப்படவேயில்லை.

பிள்ளை கண்ட இரண்டு குறைகளையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 'பிழை' என்று அவர் பார்த்த மொழி பண்ணையாளும் ஆண்டையும் பேசிக்கொள்கிற மொழி. இலக்கணத்துக்குள் அடைத்தால் வேதியரின் அதட்டல் அதட்டலாகவே இருக்காது. 'புராணத்திலிருந்து விலகல்' என்று அவர் பார்த்த இடம்தான் அந்தப் பிரதியின் ஒரே கண்டுபிடிப்பு. சேக்கிழார் விட்ட இடைவெளியில் பாரதி தன் கண்ணெதிரே இருந்த தஞ்சை ஜில்லாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பக்தியைச் சொல்லப் போனவர் பண்ணையடிமை முறையைச் சொல்லிவிட்டார். அவர் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ரசிகன் அப்படித்தான், மூலத்தின்மேல் உள்ள பிரியத்தில் மூலத்துக்குள் தன் ஊரைக் கொண்டுபோய் வைத்துவிடுவான், வைத்தது அவனுக்கே தெரியாது. அதை அவனுக்குக் காட்டுகிறவர்தான் நடுவர்.

காட்டியிருந்தால் அடுத்த கேள்வி தானாக வந்திருக்கும். நாற்பது வேலியை ஒரே இரவில் அறுத்தது யார்? பாரதியின் கதையில் சிவனுடைய பூதகணங்கள் வந்து வேலையை முடிக்கின்றன. விடிந்து பார்த்தால் நெல் குவிந்து கிடக்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார். ஆண்டையைக் கொண்டுவரத் துணிந்த பிரதி, அவனை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் கடவுளைக் கூப்பிட்டுவிட்டது. 'ஓய் பாரதியாரே, ஆண்டையைக் கொண்டாந்தது நீர். அறுப்பை மட்டும் ஏன் பூதங்கிட்டக் குடுத்தீர்?' இந்த ஒரு கேள்வியை மாயவரத்துத் திண்ணையில் யாராவது கேட்டிருக்கலாம். வெட்டச் சொல்கிற கேள்வி அல்ல இது, இன்னும் ஒரு அடி போகச் சொல்கிற கேள்வி.

கேள்வி கேட்கப்படாவிட்டாலும் பதில்கள் வந்தன, வேறு கதைகளாக. புதுமைப்பித்தனின் 'புதிய நந்தன்' 1934-ல். அதே ஆதனூர். ஆனால் பண்ணையார் மகன் காந்தியவாதி. சேரியில் பிறந்த பையன் கிறிஸ்தவனாகி, பிறகு சுயமரியாதைத் தோழனாகிறான். காந்தி வரும் ரயிலடியில் கிழவர் கருப்பனைக் காப்பாற்ற ஓடி மூன்று பேரும் செத்துப்போகிறார்கள். பூதகணம் வரவில்லை, ரயில்தான் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் நாடகம் 'நந்தன் கதை' 1978-ல். அதில் தில்லைத் தீ அருளின் தீயல்ல, சதியின் தீ. பத்து வருஷம் முன்பு 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்ட பிறகு, இந்தப் படுகையில் நந்தன் புகுந்த தீயை முன்போல வாசிக்க முடியாமல் போயிற்று.

அதே ஆசிரியரின் 'குருதிப்புனல்' (1975) வெண்மணியை எழுதியபோது வேறு மாதிரி விமர்சனம் வந்தது. கூலிப் போராட்டத்தின் விளைவான ஒரு படுகொலையை மிராசுதாரின் ஆண்மைக் குறைவைக் கொண்டு விளக்கியது இடதுசாரிகளைக் கோபப்படுத்தியது. கோபம் நியாயம். ஆனால் கோபம் தீர்ப்பாக மட்டும் நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாவலுக்கு 1977-ல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்துவிட்டது. திருவாரூர்ப் பக்கத்துக்காரரான சோலை சுந்தரபெருமாள் 1999-ல் 'செந்நெல்' எழுதினார். அதே வெண்மணி, வயல்காரர்களின் பேச்சில். இதை நான் 'குருதிப்புன'லுக்கான மிக நீளமான, மிகப் பயனுள்ள விமர்சனக் குறிப்பு என்று வாசிக்கிறேன். இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் இருப்பார்கள்.

இனி கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. கல்கியே ஒரு ரசிகர்தான். நீலகண்ட சாஸ்திரியையும் சதாசிவ பண்டாரத்தாரையும் படித்து, உடையார்குடிக் கல்வெட்டில் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று வரும் ரவிதாசன் முதலானோரின் பெயர்களை எடுத்துக்கொண்டு, கல்வெட்டு சொல்லாததையெல்லாம் சொன்னார். கொன்றவர் யார் என்பதைத் தீர்மானமாகச் சொல்லாமல் விட்டார். முடிவில் வாசகர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்க, ஒரு முடிவுரையும் எழுத வேண்டியதாயிற்று. 1954 டிசம்பரில் அவர் மறைந்த பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதினார். அதற்கப்புறம் எத்தனையோ. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் சட்டச் சிக்கலும் இல்லை. 2022-லும் 2023-லும் படம் இரண்டு பாகமாக வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அதுவரை நாவலைத் தொடாத பிள்ளைகளும் எழுத ஆரம்பித்தார்கள்.

படுகையில் ஒரு சின்ன ஊரின் வாசகர் வட்டம் இப்படி ஒரு போட்டி வைத்து, மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னையும் உட்காரவைத்தது. 'கல்கி விட்ட இடத்திலிருந்து' என்பது தலைப்பு. ஒரு கட்டுக் காகிதம். பாதிக்கு மேல் வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம். (பெரிய கோயில் கல்வெட்டே இந்தக் கல்யாணத்தை உறுதிசெய்துவிட்டது, பாவம், இவர்களுக்குத்தான் மனசு ஆறவில்லை.) நந்தினி நாலு கதையில் திரும்பி வந்தாள், இரண்டில் பேயாக. இவற்றைக் கேலி செய்வது சுலபம். ஆனால் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நந்தினி தன் தகப்பன் யார் என்று கடைசிவரை தெரியாமலே போவதைப் பற்றி எழுதிய அரைப்பக்கம் கல்கியிலும் இல்லாதது.

என்னை நிறுத்தியது வேறொரு கதை. வெண்ணாற்றங்கரைப் பக்கத்திலிருந்து வந்து கல்லூரியில் படிக்கிற பெண் எழுதியது. வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். வழியில் மடை திறந்துவிட வந்த ஒரு சேரிப் பையன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிறான். கதை வந்தியத்தேவனோடு போகாமல் பையனோடு நின்றுவிடுகிறது. அவன் பேச்சிலேயே முழுக்கதையும்: 'வூட்டுல', 'அந்தாண்ட', 'ஆண்டெ'. ரகசிய ஓலை தஞ்சாவூருக்குப் போகிறது. இங்கே களத்தில் கூலி நெல் அளக்கிறார்கள், மரக்கால் தலைதட்டி அளக்கப்படுகிறது. ராஜ்யத்தில் சதி நடப்பது பையனுக்குத் தெரியாது. மரக்காலில் நடக்கும் சதி தெரியும்.

சக நடுவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், அந்தக் காகிதத்தைச் சிவப்பாக்கி வைத்திருந்தார். பேச்சுவழக்குக்கெல்லாம் வட்டம். மேலே 'வரலாற்றுப் பிழை' என்று ஒரு குறிப்பு.

"சோழர் காலத்துல சேரியெல்லாம் ஏதுங்க? அதெல்லாம் நாயக்கர், மராட்டியர்னு பின்னாடி வந்தவங்க பண்ணது. புள்ள இன்னக்கி நடக்கறத அங்க கொண்டுபோயி வெக்கிது" என்றார்.

சொல்லிவைத்தாற்போல் அதே இரண்டு காரணங்கள். மொழியில் பிழை, மூலத்திலிருந்து விலகல்.

வரலாற்றுக்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ஷ் பதிப்பித்து நூறாண்டுக்கு மேலாக அச்சில் கிடக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் வரி நீக்கிய நிலம் எது எது என்று பட்டியல் வரும்: ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. யாரும் பின்னால் வந்து செருகியதல்ல, ராஜராஜன் கோயில் சுவரிலேயே வெட்டியது. கல்கி படித்த அதே கல்வெட்டுத் துறை வெளியீடுகளில் இந்தப் பக்கங்களும் இருந்தன. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. ஓடக்காரிக்கு இடம் கொடுத்தார், பூக்கட்டுகிறவனுக்கு இடம் கொடுத்தார், களையெடுக்கிறவனுக்குப் பெயரில்லை. அந்தப் பெண் இந்த இடைவெளிக்குள்தான் நுழைந்திருக்கிறாள். கல்வெட்டைப் படித்து நுழையவில்லை, பாட்டி சொன்ன களத்துமேட்டுக் கதைகளைக் கேட்டு நுழைந்திருக்கிறாள்.

ஆசிரியர் கல்வெட்டுப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க, இருக்கு. ஆனா ரசிகர் கதைன்னு கேட்டா அதுல கல்கி எங்க இருக்காரு? இதெ சொந்தமாவே எழுதச் சொல்லிடலாமே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இந்த 'சொந்தமா எழுது' என்பது போட்டி நடுவர்களின் பொன்மொழி. தழுவலைப் புதுமைப்பித்தன் சாடிய சாட்டில் நமக்கு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் சாடியது பெயர் மாற்றி மறைத்துக் கொடுக்கப்படும் இரவலை. பகிரங்க இரவல் அவருக்கும் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் 'சாப விமோசன'மும் இல்லை, 'புதிய நந்த'னும் இல்லை. அந்தப் பெண்ணின் கதையில் வந்தியத்தேவன் இல்லாவிட்டால் பையனின் மரக்காலுக்கு வேலையில்லை. நமக்குத் தெரிந்த ஒரு குதிரை நமக்குத் தெரியாத ஒரு சேரியைக் கடந்து போவதுதான் கதை.

அப்படியானால் கதையில் குறையே இல்லையா? இருக்கிறது. முடிவில் அருள்மொழிவர்மர் மாறுவேஷத்தில் வருகிறார். பையனைக் கட்டிக்கொள்கிறார், முத்திரை மோதிரத்தைக் கொடுக்கிறார், கணக்கன் நடுங்குகிறான், மரக்கால் நிமிர்கிறது. படித்தவுடன் எனக்கு நாற்பது வேலியும் பூதகணங்களும்தான் ஞாபகம் வந்தது. கல்கியிலும் இதுதானே: பூக்கட்டும் சேந்தன் அமுதன் கடைசியில் அரசகுமாரனாகி, உத்தம சோழனாக முடிசூடுகிறான். கீழே இருப்பவனை மேலே இருந்து ஒரு கை வந்து தூக்கினால்தான் நம் கதைகளுக்கு முடிவு கிடைக்கிறது.

சிவப்பு வட்டங்களுக்குக் கீழே பென்சிலால் எழுதினேன். மரக்கால் அளக்கும் பகுதி எனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று நாலு வரி. பேச்சுவழக்கை மாற்ற வேண்டாம், ஆனால் வந்தியத்தேவனும் 'வூட்டுல' என்று ஒரு இடத்தில் பேசிவிடுகிறான், அதைப் பார்க்கவும் என்று ஒரு வரி. கல்வெட்டுத் தொகுதியின் பெயர், தஞ்சையில் அது எந்த நூலகத்தில் கிடைக்கும் என்ற விவரம். கடைசியாக ஒரு கேள்வி: 'அந்த மோதிரத்தை எடுத்துவிட்டால் பையன் என்ன செய்வான்?'

பரிசு வேறொரு கதைக்குப் போயிற்று. ஓட்டு இரண்டுக்கு ஒன்று. பரிசளிப்பு முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் காகிதத்தோடு வந்தாள்.

"மோதிரம் இல்லன்னா அவன் அடி வாங்குவான் சார்" என்றாள்.

"வாங்குவானா?"

யோசித்தாள். "அவன் மட்டும் தனியா இருந்தா வாங்குவான். அளவுக்கு நிக்கறது அவன் மட்டும் இல்லியே, களத்துல அம்பது பேரு நிப்பாங்க" என்றாள்.

"அந்த அம்பது பேரு உன் கதையில இருக்காங்களா?"

"இல்ல சார். எழுதல."

கல்கியில் களத்துமேடு எங்கேயாவது வருகிறதா, ஐந்து பாகத்தையும் மறுபடி புரட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள். அந்த வாசகர் வட்டத்தில் இப்போது பரிசு இல்லாத கதைகளையும் நடுவர் குறிப்போடு திருப்பி அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது. ஆசிரியர்தான் முன்மொழிந்தார். குறிப்பைப் பென்சிலில் எழுத வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.